99 வயதுக்காரர்கள்: ஆய்வுத் தரவும் நூலகரும், ஓர் எளிய அறிமுகம்

ஓர் எக்செல் கோப்பைத் திறக்கிறீர்கள். ஏதோ ஒரு கிராமத்தில் எடுத்த கணக்கெடுப்பு. முதல் நெடுவரிசைக்கு மேலே ‘வ’ என்று ஒரே எழுத்து. அதன் கீழே 34, 41, 99, 27, 99. ‘வ’ வயதாக இருக்கலாம். ஆயிரக்கணக்கில் வருமானமாகவும் இருக்கலாம். வயது என்றே வைத்துக்கொண்டு சராசரி போட்டால் 60 வருகிறது. இளைஞர்கள் எல்லாம் வேலை தேடி வெளியூர் போய்விட்ட ஊர் போலிருக்கிறது என்று ஒரு பத்தி எழுதிவிடலாம்.

கோப்பைத் தயாரித்தவரிடம் கேட்டால் ஒரே வரியில் சொல்வார்: “99 போட்டிருந்தால் வயது சொல்லவில்லை என்று அர்த்தம்.” அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் சராசரி 34. ஊரே மாறிவிட்டது.

இன்றைக்கு அவரைக் கேட்க முடிந்தது. பத்து வருஷம் கழித்து அவர் வேறு நாட்டில் இருக்கலாம், ஈமெயில் முகவரி மாறியிருக்கலாம், 99 எதற்குப் போட்டோம் என்பது அவருக்கே மறந்திருக்கலாம். அப்போது அந்தக் கோப்பு யார் துணையும் இல்லாமல் தன்னைப் பற்றித் தானே சொல்ல வேண்டும். அதற்கு அதைத் தயார் செய்து கொடுப்பதுதான் ஆய்வாளருக்கு நூலகர் செய்யும் உதவியில் பெரும்பகுதி.

நூலகத்தில் வேலை பார்ப்பதால் இந்த விஷயம் பற்றிய பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. தரவு மேலாண்மை என்றால் பேக்கப் எடுப்பது என்கிறார்கள். தரவுப் பகிர்வு என்றால் டிரைவ் லிங்க் அனுப்புவது. திறந்த தரவு என்றால் எல்லாவற்றையும் எல்லோருக்கும் கொட்டிவிடுவது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் கொஞ்சத்தை முழுசாக நம்பித்தான் நல்ல ஆய்வுகளின் தரவு காணாமல் போகிறது.

தரவு வேறு, ஆய்வேடு வேறு

“என்னுடையது எல்லாம் ஷோத்கங்காவில் ஏறிவிட்டதே, இன்னும் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவிலும் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2009இல் விதிமுறை கொண்டுவந்தது. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்காவில் அவை சேர்கின்றன. அருமையான ஏற்பாடு. ஆனால் அங்கே இருப்பது ஆய்வேடு. இலையில் பரிமாறிய சாப்பாடு மாதிரி அது. அதைச் சமைக்க வாங்கிய அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் வேறெங்கோ, பெரும்பாலும் யாரோ ஒருவரின் மடிக்கணினியில் இருக்கிறது.

ஒரு முடிவுக்கு வருவதற்கு ஆதாரமாகச் சேகரித்த அல்லது உருவாக்கிய எல்லாமே தரவு. எண்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். நடவுப் பாட்டு பாடிய பாட்டியின் ஒலிப்பதிவு, கல்வெட்டைப் படியெடுத்த படங்கள், ஆற்று நீரின் உப்பளவு, நேர்காணலைக் கேட்டு எழுதிய பக்கங்கள், கணக்குப் போட எழுதிய கணினி நிரல், எல்லாம் இதில் அடக்கம்.

சும்மா வைத்திருந்தால் என்ன ஆகும்?

புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டு நாற்பது வருஷம் கழித்து எடுத்தாலும், கரையான் விட்டுவைத்திருந்தால், வாசிக்கலாம். டிஜிட்டல் கோப்புக்கு அந்தப் பொறுமை கிடையாது.

2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை அளந்தே காட்டியது. தாவரங்கள், விலங்குகளின் உடல் அளவுகள் பற்றி 1991 முதல் 2011 வரை வெளியான 516 கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, ஆசிரியர்களுக்கு எழுதித் தரவு கேட்டுப் பார்த்தார்கள். கட்டுரைக்கு ஒரு வயது கூடக்கூட, தரவு இன்னும் இருப்பதற்கான வாய்ப்பு விகிதம் 17 சதவீதம் குறைந்துகொண்டே போனது. வேலை செய்யும் ஈமெயில் முகவரி கிடைக்கும் வாய்ப்பு விகிதமும் ஆண்டுக்கு 7 சதவீதம் குறைந்தது. யாரும் திட்டமிட்டு எதையும் அழிக்கவில்லை. இடம் மாறினார்கள், கணினி மாற்றினார்கள், பழைய வட்டைப் படிக்கும் கருவி வழக்கொழிந்தது. அவ்வளவுதான்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதைப் பாடம் நடத்தத் தேவையில்லை. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பாருங்கள். ‘தமிழ்’ என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக வந்து நிற்கும். கோப்பில் ஒரு எழுத்துகூட அழியவில்லை. ஆனாலும் படிக்க முடியவில்லை. எந்த எழுத்துருவில் அடித்தது என்று ஓரத்தில் ஒரு வரி இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்த ஒரு வரி இல்லாமல் தவித்த தமிழ்க் கோப்புகள் கொஞ்சமா!

இதுவரை பார்த்தது: தரவு என்பது ஆய்வின் மூலப்பொருள். சேமித்து வைப்பதும் காத்து வைப்பதும் வெவ்வேறு வேலை. கோப்பு பத்திரமாக இருந்தும் அதன் பொருள் தொலைந்து போகலாம்.

மண்ணும் பத்திரமும்

இடம் வாங்கப் போகிறோம். மண்ணைப் பார்த்துவிட்டு மட்டும் யாரும் முன்பணம் கொடுப்பதில்லை. பட்டா யார் பேரில், மூலப்பத்திரம் எங்கே, நான்கெல்லை என்ன, வில்லங்கம் உண்டா என்று பார்த்த பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும். தரவு அந்த மண் என்றால், அந்தப் பத்திரக்கட்டுக்குப் பெயர் மீத்தரவு. தரவைப் பற்றிய தரவு: யார், எப்போது, எங்கே, எந்தக் கருவியால், எதற்காகச் சேகரித்தார்கள், எந்தக் குறிக்கு என்ன பொருள் என்ற விவரங்கள்.

நூலகருக்கு இது புது வேலை என்று நினைக்கிறார்கள். பழைய மர இழுப்பறைகளில் இருந்த அட்டை ஒவ்வொன்றும் மீத்தரவுதான். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. 99 என்றால் என்ன என்று தெரியாமல் ஒருவர் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொள்வதைத் தடுப்பதும் அதே விதிதான். புத்தகத்துக்குப் பதில் கோப்பு, அவ்வளவே வித்தியாசம்.

நடைமுறையில் மீத்தரவின் மிக எளிய வடிவம் ரீட்மீ கோப்பு. தரவுக் கோப்புகளோடு ஒரே உறையில் (ஃபோல்டரில்) வைக்கும் சாதாரண உரைக் கோப்பு அது. நம்முடைய கிராமக் கணக்கெடுப்புக்கு அதில் சில வரிகள் இப்படி இருக்கும்:

வ: பதிலளித்தவரின் வயது, முடிந்த ஆண்டுகளில். 99 = சொல்லவில்லை.
நி: சாகுபடி நிலம், ஏக்கரில். குத்தகை நிலமும் சேர்த்து.
காலிக் கட்டம்: அந்தக் கேள்வி அந்த வீட்டில் கேட்கப்படவில்லை.

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். ‘சொல்லவில்லை’ என்பதும் ‘கேட்கவே இல்லை’ என்பதும் வேறு வேறு. சேகரித்தவருக்கு அது அவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதால் எழுத வேண்டும் என்றே தோன்றாது. வெளியாளான நூலகருக்குத்தான் அந்தக் கேள்வி எழும். தெரியாதவர் என்பதே இந்த இடத்தில் அவருடைய தகுதி.

நூலகரின் மேஜையில்

அமெரிக்காவில் மினசோட்டா, கார்னெல், டியூக், மிச்சிகன் முதலிய பல்கலைக்கழகங்களின் நூலகங்கள் சேர்ந்து ‘டேட்டா கியூரேஷன் நெட்வொர்க்’ என்ற கூட்டமைப்பை நடத்துகின்றன. உயிரியல், வரைபடம், நேர்காணல், நிரல் என்று எல்லா வகைத் தரவுக்கும் ஆள் வைத்துக்கொள்வது ஒரு நூலகத்தால் முடியாத காரியம். அதனால் ஆட்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள். வரும் கோப்புகளை வரிசையாகச் சில படிகளில் பார்க்கிறார்கள். அந்த வேலைக்குச் செம்மையாக்கம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அச்சுக்கு முன் கையெழுத்துப் படியைச் செம்மையாக்குவது போலத்தான்.

முதல் படி, கோப்புகளைத் திறந்து பார்ப்பது. சிரிக்க வேண்டாம். திறக்காத கோப்பும், பட்டியலில் பெயர் இருந்து உறையில் இல்லாத கோப்பும் சகஜம். அப்புறம், உள்ளே இருப்பது புரிகிறதா என்று வாசிப்பது. இங்கேதான் எக்செலின் குறும்புகள் அகப்படும். கதவு எண் 3/4 என்று அடித்தால் அதைத் தேதியாக மாற்றி, ஏப்ரல் 3 என்றோ மார்ச் 4 என்றோ வைத்துக்கொள்ளும். மரபணு ஆய்வில் இது பெரிய தலைவலியாக இருந்தது. செப்ட்2, மார்ச்1 என்ற குறியீடு கொண்ட மரபணுக்கள் செப்டம்பர் 2, மார்ச் 1 என்ற தேதிகளாக மாறின. எக்செலில் மரபணுப் பட்டியல் இணைத்திருந்த கட்டுரைகளில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இந்தப் பிழை இருந்ததாக 2016இல் ஓர் ஆய்வு கண்டது. கடைசியில் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு 2020இல் அந்தக் குறியீடுகளையே மாற்ற வேண்டியதாயிற்று.

அடுத்தது கேட்பது. என் கணிப்பில் இதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. நூலகர் தானாக எதையும் திருத்துவதில்லை. “இந்த 99 என்ன? ஏக்கரா, சென்ட்டா? ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’ என்று இரண்டு கோப்பு இருக்கிறதே, கட்டுரையில் வந்த அட்டவணை எதிலிருந்து?” என்று பட்டியல் போட்டு ஆய்வாளருக்கு அனுப்புகிறார். பதில் வந்த பிறகு அவை ரீட்மீயில் ஏறுகின்றன. ஆய்வாளரிடம் இருந்த ஞாபகம் எழுத்தாக மாறுவது இந்தக் கேள்வி பதிலில்தான்.

பிறகு தேடினால் கிடைக்கும்படி தலைப்பு, சுருக்கம், குறிச்சொற்கள் சேர்ப்பார். கோப்பு வடிவத்தையும் பார்ப்பார். ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் மட்டும் திறக்கும் கோப்போடு, எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய எளிய வடிவில் ஒரு படியும் வைக்கச் சொல்வார். அட்டவணைக்கு சிஎஸ்வி என்ற வடிவம் பரவலாகப் பயன்படுகிறது. மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதிய வெறும் உரை அது.

கடைசியாக மொத்தத்தையும் ஒரு முறை மதிப்பிடுவது. அதற்குப் பரவலாக எடுத்துக்கொள்ளும் அளவுகோல் 2016இல் வெளியான ஃபேர் கோட்பாடுகள். தேடினால் கிடைக்க வேண்டும், அணுகும் வழி தெரிய வேண்டும், மற்றத் தரவுகளோடு பொருந்த வேண்டும், மறுபடி பயன்படுத்த முடிய வேண்டும் என்ற நான்கையும் சேர்த்துச் சொல்லும் ஆங்கிலச் சுருக்கப் பெயர் அது.

சுருக்கமாக: திறந்து பார்ப்பது, புரிந்துகொள்வது, கேட்பது, விவரம் சேர்ப்பது, வடிவம் மாற்றுவது, மதிப்பிடுவது. ஆய்வின் முடிவு சரியா தவறா என்று நூலகர் தீர்ப்புச் சொல்வதில்லை. இன்னொருவர் சரிபார்க்க முடிகிற நிலையில் தரவு இருக்கிறதா என்பதோடு அவர் வேலை முடிகிறது.

டிரைவ் லிங்க் ஏன் போதாது?

சென்னையில் முகவரி எழுதியவர்களுக்குத் தெரியும்: பழைய எண் 12, புதிய எண் 27. வீடு அசையவில்லை, எண் மாறிவிட்டது. இணைய முகவரி இதைவிட மோசம், வீடும் மாறும், எண்ணும் மாறும். டிரைவ் லிங்க் ஒருவரின் சொந்தக் கணக்கைச் சார்ந்தது. படிப்பு முடிந்து கல்லூரிக் கணக்கை மூடினால் லிங்க்கும் போயிற்று.

களஞ்சியம் என்பது, தரவை நீண்ட காலம் காத்து, கேட்பவருக்கு எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை ஒரு நிறுவனம் ஏற்றுக்கொண்ட இடம். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் 2013இல் தொடங்கிய ஸெனோடோ எல்லாத் துறையினருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. ஹார்வர்டில் உருவான டேட்டாவெர்ஸ் மென்பொருளைப் பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் தங்கள் களஞ்சியத்துக்குப் பயன்படுத்துகின்றன. இந்தியாவில் உயிரியல் தரவுக்கென்று ஃபரிதாபாத்தில் ஒரு தேசிய மையம் இருக்கிறது. எந்தத் துறைக்கு எது பொருத்தம் என்று சொல்வதும் நூலகரின் உதவிதான்.

களஞ்சியம் ஏற்றுக்கொண்ட தரவுக்கு டிஓஐ என்ற நிலையான அடையாள எண் கிடைக்கும். செல்போன் எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். வீடு மாறினாலும், சிம் நிறுவனம் மாறினாலும் எண் அதேதான். டிஓஐ எண்ணுக்குப் பின்னால் ஒரு பதிவேடு இருக்கிறது. தரவு இப்போது எந்த இணைய முகவரியில் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். இடம் மாறினால் பதிவேட்டில் முகவரியைத் திருத்துவது களஞ்சியத்தின் கடமை. ஆகவே அந்த எண்ணை மேற்கோளாகத் தரலாம், தரவைச் சேகரித்தவருக்கு உரிய பெயரும் போய்ச் சேரும். தரவுத் தொகுப்புகளுக்கு டிஓஐ தருவதற்கென்றே 2009இல் டேட்டாசைட் என்ற அமைப்பு உருவானது. அதைத் தொடங்கியவர்களில் பல நாட்டு நூலகங்கள் இருந்தன.

பகிர்ந்தால் என்ன நன்மை?

பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகோஃப் இருவரும் 2010இல் எழுதிய கட்டுரை ஒன்று உலகெங்கும் அரசியல் மேடைகளில் எதிரொலித்தது. அரசுக் கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளில் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்றது அது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆய்வு மாணவர் வகுப்புப் பயிற்சியாக அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார், வரவில்லை. கட்டுரை எழுதியவர்களிடமே கேட்டு அவர்களுடைய எக்செல் கோப்பை வாங்கினார். சராசரி போட்ட சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. எந்த ஆண்டுகளைச் சேர்த்தார்கள், சராசரியில் ஒவ்வொரு நாட்டுக்கும் எவ்வளவு எடை கொடுத்தார்கள் என்பதிலும் அவருக்குக் கேள்வி இருந்தது. எல்லாவற்றையும் திருத்தினால் 2.2 சதவீதம் வருகிறது என்று அவர் தன் பேராசிரியர்களோடு 2013இல் எழுதினார். எக்செல் பிழையை ரைன்ஹார்ட்டும் ரோகோஃபும் ஒப்புக்கொண்டார்கள். தங்கள் பொதுவான கருத்தில் உறுதியாக நின்றார்கள். அந்த விவாதம் இருக்கட்டும். அந்தக் கோப்பை அவர்கள் கொடுத்தார்களே, அதை நான் மதிக்கிறேன். கொடுக்காமல் இருந்திருந்தால் பிழை இன்னும் கோப்புக்குள்ளேயே இருந்திருக்கும்.

எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டுமா?

வேண்டாம். அப்படிச் செய்யவும் கூடாது. இந்த இடத்தில் நூலகர் பகிரச் சொல்பவர் என்பதைவிட, பிரேக் போடுபவர்.

பெயரை நீக்கிவிட்டால் ஆள் தெரியாது என்பது பரவலான நம்பிக்கை. 1990களில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வுக்குக் கொடுத்தார்கள். லட்டான்யா ஸ்வீனி என்ற மாணவி, கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கினார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றையும் பொருத்திப் பார்த்து, மாநில ஆளுநரின் மருத்துவப் பதிவையே கண்டுபிடித்துவிட்டார்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம்முடைய கணக்கெடுப்பில் ‘ஊராட்சித் தலைவி, 52 வயது’ என்று ஒரு வரிசை இருந்தால் பெயர் எதற்கு? அந்த ஊரில் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் யாரும் சொல்லிவிடுவார். அவர் கடனைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் நம்பிப் பேசியிருக்கிறார். இப்படி ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுப்பதற்கோ மங்கலாக்குவதற்கோ அடையாள நீக்கம் என்று பெயர். வயதை ‘50 முதல் 59’ என்று ஆக்கலாம், பதவியை ‘உள்ளாட்சிப் பொறுப்பு’ என்று ஆக்கலாம், ஊர்ப் பெயரை எடுத்து வட்டாரத்தை மட்டும் வைக்கலாம். அப்படியும் ஆபத்து இருந்தால் தரவை மூடியே வைத்து, தகுதியான ஆய்வாளர் கேட்டால் நிபந்தனையோடு தரலாம். ஃபேரில் ‘அணுகும் வழி’ என்று சொல்வது இதையும் சேர்த்துத்தான். கதவு பூட்டியிருக்கலாம், சாவி யாரிடம் என்று பலகை இருக்க வேண்டும்.

பேட்டி எடுப்பதற்கு முன் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவம் இதில் தீர்மானமானது. “இந்த ஆய்வுக்கு மட்டும்” என்று எழுதி வாங்கிவிட்டால், பிறகு பகிர வழியில்லை. ஆகவே படிவம் அச்சாவதற்கு முன்பே நூலகரிடம் காட்டுவது நல்லது.

தொடக்கத்திலேயே ஒரு திட்டம்

கடைசி மாதத்தில் வந்து “இதைக் கொஞ்சம் ஏற்றிவிடுங்கள்” என்று பென்டிரைவை நீட்டுவது வழக்கமாகிவிட்டது. அப்போது முடிந்ததைச் செய்வோம், ஆனால் ஞாபகங்கள் பாதி போயிருக்கும். அதனால்தான் பணம் கொடுக்கும் அமைப்புகள் தொடக்கத்திலேயே தரவு மேலாண்மைத் திட்டம் கேட்கின்றன. என்ன தரவு வரும், எங்கே வைப்பீர்கள், யார் பார்ப்பார்கள், முடிந்த பிறகு எங்கே போகும் என்று எழுதும் இரண்டு பக்கம் அது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011 ஜனவரி முதல் ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் இதைக் கட்டாயமாக்கியது. அங்கே நூலகங்களில் தரவுச் சேவை வேகமாக வளர்ந்ததற்கு அந்த உத்தரவு ஒரு முக்கியக் காரணம். அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனம் 2023 ஜனவரி முதல் தரவுப் பகிர்வுக்கான திட்டத்தையும் பரவலாகக் கட்டாயமாக்கியது.

உங்களிடம் யாரும் கேட்காவிட்டாலும் அந்த இரண்டு பக்கத்தை எழுதிவிடுங்கள். பேக்கப் பற்றி அதில் ஒரே வரி போதும்: மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறு ஊரில். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் இருந்தவர்களுக்கு அந்த ‘வேறு ஊர்’ ஏன் என்று விளக்கத் தேவையில்லை.

நம் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் இதற்கென்று தனிப் பணியிடம் கிடையாது. புத்தகம் கொடுத்து வாங்குவதற்கு இடையில்தான் இதுவும் நடக்கிறது. எல்லாம் தெரிந்த ஆள் கிடைப்பார் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்க்க ஓர் ஆள் கிடைப்பார் என்று போங்கள். முதல் தடவை போகும்போது முழுத் தரவும் தேவையில்லை. கோப்பிலிருந்து முதல் பத்து வரிசை, நிதி தந்தவர்களின் கடிதம், ஒப்புதல் படிவத்தின் ஒரு படி, இவை போதும். பத்து வரிசையைப் பார்த்ததுமே அவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் “இந்த ‘வ’ என்ன?” என்பதாக இருக்கும். அதற்கு நீங்கள் சொல்லும் பதிலை அங்கேயே ரீட்மீயின் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.